எச்சில் வரைபடம்

டாக்டர் நிவேதன் முதலில் அதை இயந்திரக் கோளாறு என்றுதான் நினைத்தார்.

வரைபடத்தில் மாவட்டம் முழுக்க ஊர் ஊராக நீலப் புள்ளிகள் நிறைந்திருந்தன. ஒவ்வொரு புள்ளியும் ஒரு பிள்ளை. மூளைக்காய்ச்சல் இனி அண்டாத பிள்ளை. ஆனால் எந்த ஊரை எடுத்தாலும் அதன் ஓரத்தில் ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. ஓர் ஊரில் தெற்கே, இன்னோர் ஊரில் கிழக்கே. கணினிக்காரர்களைக் கேட்டார். பழுது எதுவும் இல்லை, தடுப்பு மருந்து அங்கே பரவவில்லை, அவ்வளவுதான் என்றார்கள். அதனால்தான் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஒட்டுப்பாறை துணைச் சுகாதார நிலையத்துக்கு வந்திருந்தார்.

கிராம செவிலியர் பரிமளா அவருக்கு நாற்காலியைத் தட்டிப் போட்டாள். கல் குவாரியும் கிரஷரும் இருக்கிற ஊர். எதைத் தட்டினாலும் வெள்ளையாகப் புழுதி எழும்.

"சிஸ்டர், நடுவுல கோடு மாதிரி இருக்கே, இது என்ன?" டாக்டர் டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார்.

"வாய்க்கால் சார்."

"பாலம் இல்லையா?"

"இருக்கு சார். ஜல்லி லாரியே போகும்."

"அப்புறம் ஏன் அந்தப் பக்கம் போகல? அந்தப் பக்கத்துக்குத் தனிப் பள்ளிக்கூடமா?"

பரிமளா மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள். "பள்ளிக்கூடம் ஒண்ணுதான் சார். டம்ளர்தான் ரெண்டு."

"புரியல."

"யாரும் எழுதிப் போட்டு வைக்கல சார். அவங்கவங்க வீட்டுலருந்து பாட்டில் வந்துருது. காலனிப் புள்ளைங்க பாட்டில ஊருப் புள்ளைங்க தொடாது. கேட்டா, சும்மாதான்னு சொல்லும்."

டாக்டர் சென்னையில் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவர். வெளிநாட்டில் படித்தவர். இந்தத் தடுப்பு மருந்தை உருவாக்கிய குழுவில் அவரும் ஒருவர். அந்த வெள்ளைத் திட்டை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

ஊசியாக இருந்த காலத்தில் இது ஒரு பெரிய வேலையாக இருந்தது. ஒவ்வொரு பிள்ளையையும் பிடித்துக் குத்த வேண்டும். குத்தினால் காய்ச்சல் வரும். வேலைக்குப் போகிற வயதுப் பிள்ளைகளைக் கூட்டி வரவே மாட்டார்கள். அதனால் வேறு வழி கண்டுபிடித்தார்கள். மூளைக்காய்ச்சல் கிருமிக்கு ஒரு சாதுவான பங்காளி உண்டு. அதை வளர்த்து, ஊருக்கு ஏழு பிள்ளைகளின் மூக்கில் மட்டும் அடித்துவிடுவது. அது தொண்டையில் குடியேறி, கெட்டதை உள்ளே விடாது. மீதிப் பிள்ளைகளுக்கு அதுவே போய்ச் சேரும். ஜனங்கள் அதற்கு நல்லபூச்சி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"எச்சில்ல மட்டும்தான் பரவும்படி செஞ்சோம்," என்றார் டாக்டர். "கண்டபடி காத்துல போயிடக் கூடாதுன்னு பயம். பதினஞ்சு வயசுப் பசங்க ஒருத்தன் வாயில இருக்கிறத இன்னொருத்தன் பிடுங்கித் தின்பான். அந்த வயசை நம்பித்தான் செஞ்சோம்."

"கெட்டது எப்படி சார் பரவும்?"

"அது இருமல்லயே போயிடும்."

கெட்டதற்கு இருமல் போதும். நல்லதற்கு எச்சில் வேண்டும்.

"அந்த ஏழு பேரை யாரு தேர்ந்தெடுத்தது?"

"நானும் ஸ்கூல் எச்.எம்.மும் சார்."

"காலனியில இருந்து ஒருத்தர்கூட இல்லையே?"

"ஒரு பொண்ணு பேரு இருந்துச்சு. எடுத்துட்டோம்." பரிமளாவின் கை மேசையில் நின்றது. "பஞ்சாயத்துத் தலைவர் கேட்டாரு. அது எச்சி எங்க புள்ளைங்க வாய்க்கு வரணுமா, எங்க புள்ளைங்க எச்சி வேணா அங்க போகட்டும்னாரு. எந்தப் பக்கத்துலருந்து போனா என்ன, பரவுனாச் சரின்னு நானும் விட்டுட்டேன்."

டாக்டர் திட்டியிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. "நேத்து முகிலன்னு ஒரு பையனை மூளைக்காய்ச்சலோட ஆஸ்பத்திரியில சேர்த்தாங்களே, எங்க வேலை பார்த்தான்?" என்றார்.

"இங்க கிரஷர்லதான் சார். காலனிப் பையன். எட்டாவதோட நின்னுட்டான்."

"உயிருக்கு ஆபத்து இல்ல. காது போயிடுச்சு. இப்ப வர்ற கிருமி மாத்திரைக்கு அடங்க மாட்டேங்குது. புது மருந்து வளர்த்து வர மூணு வாரம் ஆகும். பழைய ஊசியை யாருமே தயாரிக்கிறதில்ல. அந்தப் பையன் கூட வேலை செஞ்ச பசங்க எல்லாரும் காலனிதானே?"

"ஆமா சார்."

"அப்ப ஒரே வழிதான். நீலமா இருக்கிற ஊருப் பையன் ஒருத்தன் போதும். காலனிப் பசங்களோட உட்கார்ந்து ஒரே டம்ளர்ல தண்ணி குடிக்கணும். ரெண்டே நாள்ல எல்லாருக்கும் பிடிச்சுக்கும்."

அவர் இதைச் சொன்ன விதத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது, கணக்குக்கு விடை வந்துவிட்டது போல. பரிமளா அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

*

முதலில் காலனியில் யார் யாருக்கு எப்படி என்று பார்த்துவிடச் சொன்னார் டாக்டர். பரிமளா சோதனைப் பட்டைகளை எடுத்துக்கொண்டு போனாள். நாக்கில் ஒரு பட்டையை வைத்து எடுத்தால், நல்லபூச்சி இருந்தால் நீலமாகும். அதை டேப்லெட்டில் படம் பிடித்தால் வரைபடத்தில் அந்த வீட்டில் புள்ளி விழும். அதே வரைபடம் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் பெரிய திரையில் எந்நேரமும் ஓடும். கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பது போல ஜனம் அதைப் பார்க்கும்.

கிரஷரில் வேலை முடிந்து வந்த பிள்ளைகள் தண்ணீர்த் தொட்டியடியில் வரிசையாக நின்றார்கள். இமையெல்லாம் கல்தூள். பட்டைகள் வெள்ளை, வெள்ளை, வெள்ளை. சுடர்க்கொடியின் பட்டை மட்டும் நீலமானது.

பரிமளா கையை மூடிக்கொண்டாள். ஏழு பேரில் முதலில் இருந்து எடுக்கப்பட்ட பெயர் இந்தப் பெண்ணுடையதுதான். பன்னிரண்டாவது முடித்துவிட்டு, அம்மாவோடு ஜல்லி சலிக்கிறவள்.

"கொஞ்சம் இங்க வா," என்று அவளைத் தொட்டிக்குப் பின்னால் கூட்டிப் போனாள். கையைத் திறந்து காட்டினாள். சுடர்க்கொடிக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"படம் புடிக்காதீங்க சிஸ்டர்."

"யாரு?"

அவள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள்.

"சொல்லு கண்ணு. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

"தலைவரு பையன்."

"தினகரனா?"

"ஸ்கூல்லருந்தே." அவள் குரல் இறங்கியது. "பயந்துக்கிட்டு தெருவுல யார் மக்குலயும் நான் வாயே வைக்கறதில்ல. அந்தப் புள்ளி திரையில விழுந்துச்சுன்னா நான் செத்தேன் சிஸ்டர். எங்கப்பனையும் விட மாட்டாங்க. கீழத்தோட்டத்துக் கெணத்துல ஒருத்தி கெடந்தாளே, அவ என்ன தண்ணி எறைக்கவா போனா?"

பரிமளா பட்டையை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். "அந்தப் பையனே வரட்டும். ஊருக்கு முன்னாடி வந்து எல்லார் கூடவும் குடிச்சான்னா, உனக்கு அன்னிக்கு வந்ததுன்னு ஆயிரும். யாருக்கும் சந்தேகம் வராது."

"வருவானா?"

"கேக்கறேன்."

சுடர்க்கொடி முகத்தில் நம்பிக்கை வந்ததைப் பரிமளா பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று பிறகு தோன்றியது.

*

பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் கூட்டம் கூடியது. திரையில் நீலம் பளபளத்தது. தலைவர் பொன்னுரங்கம் எல்லோருக்கும் டீ சொன்னார். காலனிக்காரர்கள் நாலைந்து பேர் வேப்பமரத்தடியில் தள்ளி நின்றார்கள். அதில் சுடர்க்கொடியின் அப்பா செல்லமுத்துவும் இருந்தார். அவர்களுக்குப் பேப்பர் கப்பில் வந்தது.

டாக்டர் எல்லாவற்றையும் விளக்கினார். தெளிவாகவே விளக்கினார். முடித்ததும், "ஒரு டம்ளர் தண்ணிதாங்க," என்றார்.

"டாக்டர், நாங்க என்ன கல்நெஞ்சக்காரங்களா?" என்றார் தலைவர். "அந்தப் பையனுக்கு ஆஸ்பத்திரி வண்டி புடிச்சுவிட்டதே நாந்தான். அவங்க புள்ளைங்களும் எங்க புள்ளைங்க மாதிரிதான். புது மருந்து வரட்டும், எங்க செலவுல பந்தல் போட்டு, கெடா வெட்டிச் சோறு போடறோம். ஆனா இது வேற."

"எப்படி வேற?"

"வேறதானுங்க."

முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், "ஏனுங்க, எம்பையன் வாயி என்ன பொதுக் குழாயா? ஆரு வேணா வந்து புடிச்சுக்கறதுக்கு?" என்றாள். கூட்டம் சிரித்தது. சிரிப்பில் கெட்ட எண்ணம்கூட இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"உங்க சொந்தப் புள்ளையக் கூட்டிட்டு வாங்க டாக்டர்," என்றார் ஒருவர்.

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலீங்க."

"அப்ப மொதல்ல அதப் பாருங்க. பேசிக்கலாம்."

மறுபடி சிரிப்பு. பின்னாலிருந்து ஒருவர் எழுந்து, மிகவும் பொறுப்பாக, "நாங்க வேணா ஒரு பாட்டில்ல துப்பிக் குடுத்துடறோம். நீங்க கொண்டு போயிக் குடுத்துருங்க," என்றார். பலர் தலையாட்டினார்கள். நல்ல யோசனை என்று ஒரு குரல் வந்தது.

டாக்டர் கையை ஆட்டி மறுத்தார். "நல்லபூச்சி பாட்டில்ல செத்துப் போயிடுங்க. குடிச்ச கையோட டம்ளர் மாறணும்."

வேப்பமரத்தடியில் செல்லமுத்து காலிக் கப்பை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார்.

தினகரன் ஓரத்தில் பைக் மேல் உட்கார்ந்திருந்தான். நல்ல உயரம். அப்பாவின் மூக்கு. பரிமளா அவன் பக்கம் திரும்பி, குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "தம்பி, நீ மொதல்ல மருந்து அடிச்ச ஏழு பேருல ஒருத்தன். நீயாவது வர்றியா? அஞ்சு நிமிச வேலை," என்றாள்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் பரிமளாவைப் பார்த்தான். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்தது. முகம் ஒரு கணம் வெளுத்தது. அப்புறம் அவன் சிரித்தான்.

"அவங்க வாய் வச்ச டம்ளர்லயா? எனக்குக் கொமட்டிக்கிட்டு வரும் சிஸ்டர்."

தலைவர் பெருமையாகவும் இல்லாமல் கோபமாகவும் இல்லாமல், "சின்னப் பையன், பட்டுன்னு சொல்லிட்டான்," என்றார். கூட்டம் கலைந்தது.

*

மறுநாள் கிரஷர் ஓடவில்லை. முகிலனுக்கு வந்தது மற்றவர்களுக்கும் வரும் என்று முதலாளி பூட்டிவிட்டார். பரிமளா தொட்டியடிக்குப் போனபோது சுடர்க்கொடி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அந்தத் தம்பிக்கு அப்பா முன்னாடி…" என்று ஆரம்பித்தாள் பரிமளா.

"எங்கப்பா சொல்லிட்டாரு. கொமட்டும்னானாமே." துணியைக் கல்லில் ஓங்கி அடித்தாள். "ரெண்டு வருசம் ஆச்சு. ஒரு நாளும் வாந்தி எடுத்து நான் பாக்கலியே."

"வேற ஊருல கேட்டுப் பாக்கறேன்னு டாக்டர் சொல்லியிருக்காரு," என்றாள் பரிமளா.

"வேற ஊருல மட்டும் வாய் வேற மாதிரியா இருக்கும்?" சுடர்க்கொடி துணியைப் பிழிந்தாள். பிறகு, குத்திக் காட்டாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவள் போல, "ஏன் சிஸ்டர், நீங்க நீலம் இல்லியா?" என்றாள்.

பரிமளா நின்ற இடத்திலேயே நின்றாள்.

அவள் நீலம்தான். பட்டையை எப்படி வைப்பது என்று பள்ளிக்கூடத்தில் செய்து காட்டியபோது அவளுடையதும் நீலமானது. ஊரில்தான் வாடகைக்கு இருக்கிறாள். வீட்டுக்காரம்மா பேத்தி கடித்துக் கொடுத்த கொய்யாவைத் தின்றிருக்கிறாள். நேற்று முழுக்க ஊர் வாசலில் நின்று ஒரு பிள்ளையின் வாயை இரந்து கேட்டாள். தனக்கும் ஒரு வாய் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. ஒளித்து வைக்கவில்லை. மறக்கவும் இல்லை. நினைப்பு அந்தப் பக்கமே போகவில்லை.

"பெரியவங்களுது அவ்வளவு பலம் பத்தாதுன்னு…" என்றாள். அது பாதி உண்மை.

"ஓ," என்றாள் சுடர்க்கொடி.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். எலுமிச்சம்பழம், உப்பு, சர்க்கரை, ஒரு குடம் தண்ணீர், கிரஷரில் எல்லோரும் குடிக்கிற மஞ்சள் பிளாஸ்டிக் மக். தொட்டியடியில் வைத்து, "டேய், எல்லாரும் வாங்கடா!" என்று கத்தினாள்.

பிள்ளைகள் வந்தார்கள். தம்பி தங்கையை இடுப்பில் வைத்தவர்களும் வந்தார்கள். அவள் மக்கை மொண்டு, முதலில் தான் குடித்தாள். மெதுவாக, வாயில் வைத்துக் கொப்புளித்து, மக்குக்குள்ளேயே திரும்ப விட்டாள்.

"ச்சீ, என்னக்கா இது!" என்றான் ஒருவன்.

"மருந்துடா. மூடிக்கிட்டுக் குடி."

"பல்லு வெளக்குனியா நீ?"

"உனக்காக ரெண்டு தடவ வெளக்குனேன்."

"சக்கரை பத்தல."

"உங்கொப்பனைக் கிரஷர் வாங்கச் சொல்லு, சக்கரை போடறேன்."

மக் கை மாறிப் போயிற்று. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இங்கே எப்போதும் இப்படித்தான் குடிப்பார்கள். பரிமளா ஓரமாக நின்று பார்த்தாள். மக் அவள் அருகே ஒரு முறை வந்தது. வைத்திருந்த சின்னப் பெண் பெரியவர்களின் முகத்தைப் படிக்கத் தெரிந்தவள். தயங்காமல் அடுத்தவனிடம் கொடுத்தாள்.

சாயங்காலமும் கொடுத்தாள் சுடர்க்கொடி. மறுநாளும் கொடுத்தாள். அதற்கும் மறுநாள் பட்டைகள் நீலமாயின. வரிசையாக, ஒன்று விடாமல். பரிமளா எல்லாவற்றையும் ஒன்றாகப் படம் பிடித்தாள். சுடர்க்கொடியின் புள்ளி அந்த நீலத்தில் கலந்து போயிற்று.

*

தலைவர் தானே கிளம்பி சுகாதார நிலையத்துக்கு வந்தார். கூட தினகரனும் வந்திருந்தான்.

"திரையில அந்தப் பக்கமெல்லாம் நீலமாயிருச்சே. சந்தோசம்தான். எப்படிங்க வந்துச்சு?" தலைவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "எங்க புள்ளைங்க ஆரும் போகலியே?"

தினகரன் சுவரில் ஒட்டியிருந்த கர்ப்பிணிப் பெண்ணின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாந்தான் தலைவரே," என்றாள் பரிமளா. "நானும் நீலம்தான். காலனிப் புள்ளைங்களோட உக்காந்து ஒரே மக்குல குடிச்சேன்."

தலைவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். இத்தனை நாள் அவளை அம்மா என்றே கூப்பிட்டவர். "நீங்களா?"

"ஆமாங்க."

"நம்மாளாச்சேன்னு வீடு விட்டோம்," என்றார்.

அன்று வீட்டுக்காரம்மா குழம்புக் கிண்ணம் கொண்டு வரவில்லை. அடுத்த வாரம், மகன் குடும்பம் வருகிறது, வீடு வேண்டும் என்றாள். பேத்தியைப் படியிறங்க விடவில்லை. பரிமளா சாமான்களை வண்டியில் ஏற்றியபோது யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அது அவளுக்கு வலிக்கவில்லை. உண்மையில் செய்திருந்தால் வலித்திருக்கும். செய்யாத காரியத்துக்குக் கிடைத்த தண்டனை ஏதோ வாடகை கட்டியது போல இருந்தது.

வலித்தது இன்னொன்று. டாக்டர் நிவேதன் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. மாவட்டக் கூட்டத்தில் அவளை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார். கீழே உட்கார்ந்திருந்த கிராம செவிலியர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். பரிமளா வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ஒரு பெண் கிணற்றுக்குப் போவாள்.

அதன் பிறகு நடந்ததை அவள் எதிர்பார்க்கவில்லை. அந்தச் செவிலியர்கள் தங்கள் ஊர்களுக்குப் போய், வாய்க்காலையும் தண்டவாளத்தையும் தாண்டி, அந்தந்தத் தெருவில் உட்கார்ந்து, நிஜமாகவே ஒரே டம்ளரில் குடித்தார்கள். ஒருத்தியை அவள் புருஷன் வீட்டைவிட்டு விரட்டினான். இன்னொருத்தி சிரித்துக்கொண்டே, "பரிமளாக்கா செஞ்சப்ப நமக்கென்ன?" என்றாளாம். வரைபடத்தில் வெள்ளைத் திட்டுகள் ஒவ்வொன்றாக நீலமாயின. டாக்டர் தினமும் அதை அவளுக்கு அனுப்பினார். 'எல்லாம் உங்களால்தான்' என்று எழுதினார். அவள் அதைத் திறந்து பார்க்காமல் அழிக்கக் கற்றுக்கொண்டாள்.

தினகரன் ஒரு நாள் வழியில் பைக்கை நிறுத்தினான். "சிஸ்டர், அதுகிட்டச் சொல்லுங்க. எனக்கு வேற வழி தெரியல. நான் அப்படிச் சொல்லலைன்னா அப்பவே மாட்டியிருப்போம்."

பரிமளா போய்ச் சொன்னாள். சுடர்க்கொடி ஜல்லிச் சல்லடையை நிறுத்தாமல் கேட்டாள்.

"அவன் எச்சிதான் இப்ப எங்க தெருவுல ஒவ்வொரு புள்ள தொண்டையிலயும் இருக்கு. கொமட்டுனா கொமட்டட்டும்னு சொல்லுங்க." கொஞ்சம் பொறுத்து, "வேண்டாம். ஒண்ணும் சொல்லாதீங்க," என்றாள்.

அப்போதுதான் அவள் அம்மா மாரியாயி ஒரு எவர்சில்வர் டம்ளரில் டீ கொண்டு வந்தாள். இத்தனை வருஷத்தில் காலனியில் யாரும் பரிமளாவிடம் டீ வேணுமா என்று கேட்டதில்லை. கேட்கக்கூடாது என்று அவர்களுக்குத் தெரியும். இப்போது மாரியாயி கேட்கவே இல்லை, உரிமையாக நீட்டினாள். நம்மோடு உட்கார்ந்து குடித்தவள் என்று காலனியே நம்பியது. அன்று தொட்டியடியில் இருந்த பிள்ளைகளிடம் சுடர்க்கொடி என்ன சொல்லி வைத்திருந்தாளோ, ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"குடிங்க சிஸ்டர், ஆறிப்போயிரும். சக்கரை தூக்கலாப் போட்டுருக்கேன்."

பரிமளா டம்ளரை வாங்கினாள். கை தானாக உயர்ந்தது. தலை தானாகப் பின்னால் சாய்ந்தது. உதட்டுக்கும் டம்ளருக்கும் நடுவே நாலு விரற்கடை இடைவெளி விழுந்து, அதில் டீ ஒழுகத் தொடங்கியபோதுதான் தான் என்ன செய்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. சூடு நாக்கைச் சுட்டது. மோவாயில் வழிந்தது.

மாரியாயி இன்னும் சிரித்த முகமாகவே நின்றாள்; அவள் முகத்தில் அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாத ஒரு தடுமாற்றம் வந்தது.

"அம்மா, சூடா இருக்குல்ல, அதான் தூக்கிக் குடிக்கறாங்க," என்றாள் சுடர்க்கொடி. சொல்லிவிட்டு, பரிமளா முகத்தைப் பார்க்காமல், குனிந்து சல்லடையில் அடுத்த கூடை ஜல்லியைக் கொட்டினாள்.